லீவில் ஊருக்கு வந்து சவூதி, துபாய் திரும்புகிறவர்களுக்கு: ரீ-என்ட்ரி தேதி தவறாமல் இருக்க

பொங்கல் முடிந்த இரண்டு மூன்று வாரத்தில் கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், மன்னார்குடி பக்கம் எந்த ட்ராவல்ஸ் கடையில் உட்கார்ந்தாலும் ஒரே கேள்வி காதில் விழும்: "ரீ-என்ட்ரி முடிஞ்சு ரெண்டு நாளாச்சு. ஏதாவது பண்ண முடியுமா?" ரீ-என்ட்ரி என்பது சவூதியிலிருந்து லீவில் வந்து திரும்பப் போகத் தரும் விசா. தேதி முடிந்த பிறகு அதை நீட்டுவது சில சமயம் முடியும், பல சமயம் முடியாது. முடிகிற இடத்திலும் அதைச் செய்ய வேண்டியவர் ரியாத்திலோ தம்மாமிலோ இருக்கும் கபீல், அதாவது விசா கொடுத்த முதலாளிதான். டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடைக்காரரால் ஆகாது.

முதல் தடவை லீவில் வருகிற சபராளிகளையும் (வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களையும்), அவர்களுக்காக இங்கே ஓடியாடும் வீட்டுக்காரர்களையும் மனதில் வைத்து எழுதியது இது. சவூதிக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். சிக்கல் அங்கேதான் அதிகம்.

1. மூன்று தேதிகளை ஒரே தாளில் எழுதுங்கள்

பாஸ்போர்ட் முடியும் தேதி, இக்காமா (சவூதியில் தங்குவதற்கான அனுமதி) முடியும் தேதி, ரீ-என்ட்ரி முடியும் தேதி. இந்த மூன்றில் எது முதலில் வருகிறதோ அதுதான் உங்கள் கெடு. லீவு லெட்டரில் கம்பெனி போட்டுத் தந்த தேதி இந்தக் கணக்கில் சேராது. கம்பெனி 75 நாள் லீவு கொடுத்துவிட்டு 60 நாளுக்கு ரீ-என்ட்ரி அடித்திருப்பது அடிக்கடி நடக்கிறது. லீவு கொடுப்பவர் ஒருவர், விசா அடிக்கும் மந்தூப் (கம்பெனிக்காக அரசு அலுவலக வேலைகளைப் பார்ப்பவர்) வேறொருவர். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

இக்காமா தேதியை அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள். 2015-க்குப் பிறகு வந்த முக்கீம் என்ற இக்காமா அட்டை ஐந்து வருடத்துக்கு ஒரே அட்டை. புதுப்பிப்பது முழுக்க ஆன்லைனில் நடக்கிறது. அட்டை பளபளவென்று பையில் இருக்கும், இக்காமா முடிந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். அப்ஷரில் (சவூதி உள்துறையின் ஆன்லைன் சேவை) உள்ளே போய்ப் பாருங்கள். அங்கே ஹிஜ்ரி தேதி, ஆங்கிலத் தேதி இரண்டும் வரும். ஆங்கிலத் தேதியையே எழுதுங்கள். ஹிஜ்ரி வருடம் சுமார் 354 நாள்தான். "போன வருஷம் இதே மாசம்தான் புதுப்பிச்சாங்க, அடுத்த வருஷம் இதே மாசம்தானே" என்று மனக்கணக்கு போட்டால் பதினோரு நாள் உதைக்கும்.

2. ரீ-என்ட்ரி தாளைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பாவது அந்தத் தாளைக் கையில் வாங்குங்கள், அல்லது வாட்ஸ்அப்பில் வரவழையுங்கள். பார்க்க வேண்டியவை நான்கு.

முதலாவது, விசா வகை. எக்ஸிட் ரீ-என்ட்ரியா, ஃபைனல் எக்ஸிட்டா? அரபியில் 'குரூஜ் வ அவ்தா' என்றால் போய் வருவது. 'குரூஜ் நிஹாயி' என்றால் ஒரேயடியாகப் போவது. ஃபைனல் எக்ஸிட்டில் ஜவாசாத் (சவூதி பாஸ்போர்ட், குடிவரவுத் துறை) கவுண்டரைத் தாண்டியதும் இக்காமா முடிந்துபோகும். "லீவுக்குத்தான் அனுப்புறோம்" என்று வாயால் சொல்லிவிட்டு ஃபைனல் அடித்து அனுப்புவதும் உண்டு. அரபி தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் படம் அனுப்பிக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டிய இடம் இதுவல்ல.

இரண்டாவது, சிங்கிளா மல்டிப்பிளா. சிங்கிள் ஒரு தடவை போய் வரத்தான். நடுவில் மூன்று நாள் வேலைக்கு உள்ளே போய்விட்டு மறுபடி ஊருக்கு வரலாம் என்று நினைத்தால் புது விசா வேண்டும்.

மூன்றாவது, கால அளவு எப்படிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஏமாறுகிறவர்களில் பாதிப்பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இரண்டு விதம் உண்டு:

– நாள் கணக்கில் (60 நாள், 90 நாள் என்று) கொடுத்திருந்தால், விசா அடித்த நாளிலிருந்து 90 நாளுக்குள் நாட்டை விட்டுக் கிளம்பலாம். கால அளவு நீங்கள் கிளம்பிய நாளிலிருந்து ஓடும்.
– 'இந்தத் தேதிக்குள் திரும்ப வேண்டும்' என்று கொடுத்திருந்தால், விசா அடித்த நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். விசா அடித்தது நவம்பர் 20, கால அளவு 60 நாள், நீங்கள் கிளம்புவது டிசம்பர் 10. முதல் விதம் என்றால் பிப்ரவரி 8 வரை கெடு. இரண்டாம் விதம் என்றால் ஜனவரி 19-லேயே முடிந்துவிடும். ஊரில் கிடைப்பது 40 நாள்தான். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளே பெட்டி கட்ட ஆரம்பிக்க வேண்டியதுதான்.

நான்காவது, பெயரும் பாஸ்போர்ட் எண்ணும். எண்ணில் ஒரு எழுத்து தவறினாலும் அங்கே இருக்கும்போதே திருத்தச் சொல்லுங்கள்.

கவனிக்க: '2 மாதம்' என்று நினைக்காதீர்கள், '60 நாள்' என்று நினையுங்கள். ஜூலை 1-ல் கிளம்பினால் இரண்டு மாதம் என்பது செப்டம்பர் 1. 60 நாள் என்பது ஆகஸ்ட் 30. இந்த இரண்டு நாளில் விசா போனவர்கள் இருக்கிறார்கள்.

தாள் தொலைந்தாலும் சரிபார்க்க வழி உண்டு. முக்கீம் என்ற பெயரிலேயே உள்ள இணையதளத்தில் (கம்பெனிகள் தொழிலாளர் விசா வேலைகளைச் செய்யும் தளம்) விசா வேலிடிட்டி பார்க்கும் பக்கம் இருக்கிறது. லாகின் தேவையில்லை. இக்காமா எண் அல்லது விசா எண்ணோடு பிறந்த தேதி போல இன்னொரு விவரம் போட்டால் முடியும் தேதியைக் காட்டும். ஊருக்கு வந்த முதல் வாரமே ஒரு தடவை பார்த்து, அதை அச்செடுத்து வையுங்கள். ஏர்லைன் கவுண்டரிலும் இந்தத் தாளைக் கேட்பார்கள்.

3. கட்டணம்: எவ்வளவு, யார் கட்டுவது

சிங்கிள் ரீ-என்ட்ரி: இரண்டு மாதம் வரை 200 ரியால். அதற்கு மேல் ஒவ்வொரு மாதத்துக்கும் 100 ரியால். மூன்று மாத லீவு என்றால் 300, நான்கு மாதம் என்றால் 400.

மல்டிப்பிள்: மூன்று மாதம் வரை 500 ரியால். கூடுதல் மாதம் ஒவ்வொன்றுக்கும் 200.

இது நீங்கள் சவூதிக்குள் இருக்கும்போது. ஊருக்கு வந்த பிறகு நீட்டித்தால் மாதக் கட்டணம் இரட்டிப்பு: சிங்கிளுக்கு மாதம் 200, மல்டிப்பிளுக்கு 400. லீவு நீளும் என்று ஓரளவு தெரிந்தாலும், வீட்டில் கல்யாணமோ பிரசவமோ இருந்தாலும், கிளம்பும்போதே ஒரு மாதம் கூட்டி அடிக்கச் சொல்லுங்கள். 100 ரியால் அதிகம் ஆகும். அதை மிச்சம் பிடிக்கப் போய் பின்னால் 200 கட்டி, கபீலை நான்கு தடவை போனில் கெஞ்சுவதில் லாபம் எதுவும் இல்லை.

யார் கட்டுவது? சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40-வது பிரிவுப்படி இக்காமா, வொர்க் பெர்மிட், அவற்றின் புதுப்பிப்பு, ரீ-என்ட்ரி ஆகிய கட்டணங்கள் முதலாளி பொறுப்பு. வீட்டு டிரைவர், வீட்டு வேலை விசாக்கள் இந்தச் சட்டத்துக்கு வெளியே வருகின்றன. அவர்களுக்குத் தனி விதிமுறை. சட்டம் இப்படிச் சொன்னாலும் சின்னக் கம்பெனிகளில் சம்பளத்தில் பிடிப்பது நடக்கத்தான் செய்கிறது. பிடித்தால் ரசீது கேளுங்கள். கேட்டதாலேயே சில இடங்களில் பிடிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மனைவி, பிள்ளைகளுக்கான மாத லெவி (அரசுக் கட்டணம்), தலைக்கு 400 ரியால், அவர்கள் ஊரில் இருக்கும் மாதங்களுக்கும் சேர்த்தே வரும். நாலு மாதம் ஊரில் விட்டுவைத்தால் அது மிச்சமாகும் என்று கணக்குப் போடாதீர்கள்.

4. கிளம்புவதற்கு முன் அங்கேயே முடிக்க வேண்டியவை

இதைச் சரியாகச் செய்தால் 6-ம், 7-ம் பகுதிகளைப் படிக்கவே வேண்டியிருக்காது.

பாஸ்போர்ட்: ரீ-என்ட்ரி அடிக்க பாஸ்போர்ட்டில் குறைந்தது 90 நாள் மிச்சம் இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் முடிகிறது என்றால் அங்குள்ள இந்தியத் தூதரக மையத்திலேயே புதுப்பித்து, புது எண்ணை இக்காமாவில் ஏற்றச் சொல்லி, அதற்குப் பிறகு ரீ-என்ட்ரி அடியுங்கள். வரிசை மாறக் கூடாது.

டிராஃபிக் அபராதம்: பெயரில் சாஹிர் (சாலைக் கேமரா) அபராதம் நிலுவையில் இருந்தால் ரீ-என்ட்ரி அடிக்காது. வண்டி ஓட்டுகிறவர்கள் இரண்டு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள்.

சிம் கார்டு: எல்லோரும் கோட்டைவிடும் இடம் இது. அப்ஷர் ஓடிபி சவூதி எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம்மை ரூமில் நண்பரிடம் கொடுத்துவிட்டு வந்தால், நாகப்பட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு உங்கள் சொந்த இக்காமா தேதியைக்கூடப் பார்க்க முடியாது. சிம்மை உங்கள் போனிலேயே வையுங்கள். ரோமிங் இயங்குமாறு செய்து, லீவு முடியும் வரை எண் உயிரோடு இருக்கிற அளவுக்கு ரீசார்ஜ் போடுங்கள். டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். எஸ்எம்எஸ் வந்தால் போதும்.

வங்கிக் கணக்கு: அரசுக் கட்டணம் எல்லாம் சதாத் என்ற கட்டண முறை வழியாக, சவூதி வங்கிக் கணக்கிலிருந்து போவது. கும்பகோணத்து ஸ்டேட் பேங்க் கணக்கிலிருந்து கட்ட முடியாது. உங்கள் கணக்கில் ஒரு 500, 600 ரியாலாவது விட்டுவிட்டு வாருங்கள். வங்கி ஆப் இந்த சிம்மோடுதான் பேசும் என்பதையும் மறக்க வேண்டாம்.

போன் எண்கள்: கபீல், ஹெச்ஆர், மந்தூப் மூவர் எண்ணும் தனித்தனியாக. இவர்கள் தவிர உங்களுக்காக அலுவலகத்துக்கு நேரில் நடந்துபோய்க் கேட்கக்கூடிய ஒரு ஊர்க்காரர். அவர் எண் மற்ற மூன்றையும்விட முக்கியம்.

2021 மார்ச் 14-க்குப் பிறகு, தனியார் கம்பெனித் தொழிலாளர்கள் ரீ-என்ட்ரியைத் தாங்களே அப்ஷரில் விண்ணப்பிக்கலாம். முதலாளிக்குத் தகவல் போகும். வீட்டு டிரைவர், வீட்டு வேலை, தோட்டம், ஆடு மேய்ப்பு, விவசாய விசாக்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்குக் கபீல் அடித்தால்தான் உண்டு.

5. ஊரில் இருக்கும்போது பாஸ்போர்ட் மாற்ற நேர்ந்தால்

தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். முடியாவிட்டால் தஞ்சாவூர் அல்லது திருச்சி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் அப்பாயின்ட்மென்ட் எடுங்கள். 36 பக்கம், சாதாரண முறையில் 1,500 ரூபாய். தத்கால் என்றால் 3,500. 60 பக்கம் என்றால் 2,000, தத்காலில் 4,000.

பழைய பாஸ்போர்ட்டை மூலை வெட்டித் திருப்பித் தருவார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் ரீ-என்ட்ரி அந்தப் பழைய எண்ணில்தான் பதிவாகியிருக்கிறது. திரும்பிப் போகும்போது இரண்டு புத்தகமும் கையில் இருக்க வேண்டும், பெட்டியில் அல்ல. டிக்கெட்டைப் புது எண்ணில் போடுங்கள். புது பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அன்றே கம்பெனிக்கு அனுப்பிவிடுங்கள்.

புதுப்பிக்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (வேலைக்கு வெளிநாடு போகக் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு) இருந்தால் அதை எடுத்துவிட இதுதான் நேரம். பத்தாவது தேறிய சான்றிதழ் இருந்தாலோ, வெளிநாட்டில் மொத்தம் மூன்று வருடத்துக்கு மேல் இருந்ததைக் காட்ட முடிந்தாலோ ஈசிஎன்ஆர் (அந்த அனுமதி தேவையில்லை) கிடைக்கும். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, ஆதாரத்தையும் எடுத்துப் போங்கள்.

முகவரி விஷயம்: வெளிநாட்டில் இருக்கும்போது வீடு மாறி, ஆதாரில் பழைய முகவரி கிடந்தால் போலீஸ் விசாரணையில் ஒரு வாரம் பத்து நாள் இழுக்கும். முதலில் ஆதார், பிறகு பாஸ்போர்ட்.

6. லீவு நீள்கிறது என்றால்: இந்த வரிசையில்

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, நிலப் பத்திரம் முடியவில்லை, காரணம் எதுவாகவும் இருக்கட்டும். தேதி முடிய இருபது நாள் இருக்கும்போதே ஆரம்பியுங்கள். கடைசி வாரம் வரை வைத்திருந்தால் நடுவில் வெள்ளி, சனி விடுமுறை வரும்; பெருநாள் வந்தால் ஒரு வாரமே போய்விடும்.

முதலில் இக்காமா. ரீ-என்ட்ரியை இக்காமா தேதிக்கு மேல் நீட்ட முடியாது. இக்காமா அதற்குள் முடிகிறது என்றால் முதலாளி முதலில் இக்காமாவைப் புதுப்பிக்க வேண்டும். நீங்கள் வெளியே இருக்கும்போதும் அதைச் செய்யலாம்.

இரண்டாவது, நீட்டிப்புக் கட்டணத்தை உங்கள் இக்காமா எண்ணுக்கு சதாத் வழியாகக் கட்டுவது. வங்கி ஆப்பில் உள்துறைக் கட்டணங்கள் பகுதியில் இருக்கும். நீங்களும் கட்டலாம், அங்கிருக்கும் நண்பரும் கட்டலாம்.

மூன்றாவது, நீட்டிப்பை அழுத்துவது. கம்பெனி விசா என்றால் நிறுவனம் முக்கீமில் செய்ய வேண்டும். வீட்டு விசா என்றால் கபீல் தன் அப்ஷரில். மனைவி பிள்ளைகளுக்கு என்றால் நீங்களே உங்கள் அப்ஷரில். பணம் கட்டியதும் விசா நீண்டுவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பணம் கட்டுவது வேறு, நீட்டிப்பது வேறு. பணம் மட்டும் கட்டிவிட்டு ஏர்போர்ட் வரை வந்து திரும்பிப்போகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நான்காவது, முக்கீம் பக்கத்தில் புதுத் தேதி வந்துவிட்டதா என்று நீங்களே பார்ப்பது. "ஆயிடுச்சு மச்சான், கபீல் சொல்லிட்டாரு" என்ற வாட்ஸ்அப் வாய்ஸ் ஆதாரம் ஆகாது. தேதி திரையில் தெரிய வேண்டும்.

இந்த வேலைக்கு ஊரில் யாராவது 15,000, 20,000 ரூபாய் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 200 ரியாலுக்கு நடக்கிற வேலை அது. கபீலின் சம்மதம் இல்லாமல் எந்த ஏஜெண்டும் அதைச் செய்ய முடியாது. சம்மதம் இருந்தால் ஏஜெண்டே தேவையில்லை.

7. தேதி தவறிவிட்டால்

ரீ-என்ட்ரி முடிந்தும் திரும்பாதவர் பெயரில் 'கரஜ வலம் யஉத்', அதாவது போனவர் திரும்பவில்லை என்று பதிவாகும். முதல் வேலை, அந்தப் பதிவு விழுந்துவிட்டதா என்று கம்பெனியைக் கேட்பது. விழவில்லை, இக்காமாவும் உயிரோடு இருக்கிறது என்றால் அன்றே நீட்டிப்புக்கு முயலச் சொல்லுங்கள். விழுந்துவிட்டால் அந்த இக்காமா கதை முடிந்தது. புது விசா, வஃபித் மெடிக்கல் (வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனை), கைரேகை, ஸ்டாம்பிங் என்று முதலிலிருந்து.

இப்படித் திரும்பாதவர்களுக்கு முன்பு மூன்றாண்டுத் தடை இருந்தது. 2024 ஜனவரியில் அது நீக்கப்பட்டதாகச் சவூதிப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அந்தச் செய்தியை நம்பி வேண்டுமென்றே தேதியைத் தவறவிட்டு "புது கம்பெனிக்குப் போயிக்கலாம்" என்று திட்டம் போடாதீர்கள். பாக்கிச் சம்பளம், சர்வீஸ் பணம் எல்லாம் பழைய முதலாளியிடம்தான் இருக்கிறது.

8. அமீரகம்: 180 நாள்

துபாய், ஷார்ஜா, அபுதாபிக்காரர்களுக்கு ரீ-என்ட்ரி அடிக்கும் வேலையே இல்லை. அதனாலேயே அசட்டையும் வரும். ரெசிடென்ஸ் விசா உள்ளவர் தொடர்ந்து 180 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் விசா செல்லாது. கோல்டன் விசாவுக்கு இந்த வரம்பு இல்லை. டிசம்பர் 10-ல் கிளம்பினால் 180-வது நாள் ஜூன் 8. மேட்டூர் திறக்கும் ஜூன் 12 வரை இருந்து குறுவைக்கு விதை விட்டுவிட்டுப் போகலாம் என்றால் தாண்டிவிடும்.

தாண்டியவர்கள் ரீ-என்ட்ரி பெர்மிட் கேட்கலாம். துபாய் விசா என்றால் துபாய் குடிவரவுத் துறையான ஜிடிஆர்எஃப்ஏ, மற்ற எமிரேட்டுகள் என்றால் அமீரக அரசின் அடையாள, குடியுரிமைத் துறையான ஐசிபி தளத்தில், நாட்டுக்கு வெளியே இருந்தபடியே விண்ணப்பிக்க வேண்டும். விசாவில் குறைந்தது 30 நாள் மிச்சம் இருக்க வேண்டும். தாமதத்துக்கு ஒவ்வொரு 30 நாளுக்கும், அல்லது அதன் பகுதிக்கும், 100 திர்ஹம் அபராதம். 20 நாள் தாண்டினால் 100, 40 நாள் தாண்டினால் 200. விண்ணப்பக் கட்டணம் தனி. ஏன் தாமதம் என்பதற்கு ஆதாரம் இணைக்க வேண்டும். மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் நல்லது. "குடும்பக் காரணம்" என்று ஒற்றை வரி எழுதிவிட்டால் போதாது. அனுமதி வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் உள்ளே போய்விட வேண்டும். எனவே அனுமதி வரும் முன் டிக்கெட் எடுக்காதீர்கள், வந்த பிறகு தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு ஆபத்து, நீங்கள் ஊரில் இருக்கும்போது கம்பெனி விசாவை ரத்து செய்வது. ஐசிபி தளத்தில் 'ஃபைல் வேலிடிட்டி' பக்கத்தில் பாஸ்போர்ட் விவரம் போட்டுக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு பாருங்கள். இப்போது பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை, எமிரேட்ஸ் ஐடிதான் ஆதாரம். அதை ஊரில் தொலைத்தால் பெரிய தலைவலி. கல்யாண மண்டபத்துக்குப் போகும் பர்ஸில் வைக்காதீர்கள்.

9. குவைத், கத்தார், ஓமன்: சுருக்கமாக

மூன்றிலுமே பொதுக் கெடு ஆறு மாதம். குவைத்தில் வீட்டு வேலை விசாவுக்கு அது இன்னும் குறைவு, கபீலிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். 2025 ஜூலை 1 முதல் குவைத்தில் 18-ம் பிரிவு (தனியார் கம்பெனி வேலை) விசாக்காரர்கள் நாட்டைவிட்டுக் கிளம்பவே முதலாளி ஒப்புதல் தந்த எக்ஸிட் பெர்மிட் வேண்டும். சாஹல் என்ற குவைத் அரசு ஆப்பில் கேட்கலாம். அது இல்லாமல் ஏர்போர்ட் போனால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். கத்தாரில் ஆறு மாதம் தாண்டும் என்று தெரிந்தால் முதலாளி மூலம் ரிட்டர்ன் பெர்மிட்டுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

10. சிங்கப்பூர்

திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி பக்கத்து வொர்க் பெர்மிட் தம்பிகளுக்கு: கார்டு செல்லுபடியாக இருந்தால் திரும்ப விசா வேண்டாம். இறங்குவதற்கு முன், இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டு (ஆன்லைன் வருகைப் படிவம்) போட வேண்டும். அது இலவசம். கூகுளில் தேடினால் முதலில் வரும் சில தளங்கள் டாலரில் பணம் கேட்கும். அவை அரசுத் தளம் அல்ல. கார்டில் உள்ள தேதி ஒன்று, பெர்மிட் உண்மையில் உயிரோடு இருக்கிறதா என்பது வேறு. முதலாளி ரத்து செய்துவிட்டாரா என்பதை கிளம்பும் முன் மனிதவள அமைச்சகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். புது பாஸ்போர்ட் எடுத்தால் முதலாளி அதை அங்கே ஏற்ற வேண்டும்.

பிஆர் (நிரந்தரவாசம்) வைத்திருப்பவர்கள் ரீ-என்ட்ரி பெர்மிட் தேதியைப் பார்க்காமல் சாங்கி விட்டுக் கிளம்ப வேண்டாம்.

11. டிக்கெட்டை எந்த நாளுக்குப் போடுவது

கெடு நாளுக்கு நான்கு நாள் முன்னதாகவே போய்ச் சேருமாறு போடுங்கள். கணக்கில் எடுக்கப்படுவது அங்கே ஜவாசாத் கவுண்டரில் கைரேகை வைக்கும் நேரம், திருச்சியில் விமானம் ஏறும் நேரம் அல்ல. கொழும்பு வழியாகவோ வளைகுடாவில் வேறு ஊர் வழியாகவோ போகிறவர்கள் நடு ஊரில் ஒரு விமானத்தைத் தவறவிட்டால் ஒரு முழு நாள் போய்விடும்.

ஐப்பசி, கார்த்திகையில் திரும்புகிறவர்கள் கெடுவுக்கு முன் ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது விழுந்த மரங்கள் சாலையை மறித்துக் கிடந்தன. மின்சாரம் இல்லாமல் போனும் போச்சு. புயல் வந்தது என்று ஜவாசாத் தேதியை நீட்டித் தராது.

சென்னையிலிருந்து விமானம் என்றால் மன்னை எக்ஸ்பிரஸில் ஏறி, அதே காலை விமானத்தைப் பிடிக்கும் திட்டம் வேண்டாம். முதல் நாளே போய்த் தங்குங்கள்.

கைப்பையில், ஒரு பிளாஸ்டிக் கவரில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட் (பழையதும் இருந்தால் இரண்டும்), இக்காமா அல்லது எமிரேட்ஸ் ஐடி, ரீ-என்ட்ரி அச்சுத் தாள், நீட்டித்திருந்தால் புதுத் தேதி காட்டும் தாள், டிக்கெட், கம்பெனி லீவு லெட்டர். எல்லாவற்றின் படமும் போனில் இருக்கட்டும். வீட்டில் ஒருவர் போனிலும் இருக்கட்டும். கவுண்டரில் கேள்வி வந்தால் பதற வேண்டாம். முக்கீம் பக்கத்தை அங்கேயே திறந்து காட்டுங்கள். திருச்சியில் புது டெர்மினலில் வரிசை நீளும் நாட்களில் மூன்றரை மணி நேரம் முன்பே உள்ளே இருப்பது நல்லது.

12. இறங்கிய முதல் வாரம்

ஜவாசாத்தில் பதிவானதும் அப்ஷரில் 'நாட்டுக்குள் இருக்கிறார்' என்று மாறியிருக்கும். மறுநாள் பாருங்கள். ஊரில் பாஸ்போர்ட் மாற்றியவர்கள் புது எண்ணை ஏற்றச் சொல்லி அன்றே மந்தூப்பைப் பிடியுங்கள். அதைச் செய்யாமல் விட்டால் அடுத்த லீவுக்கு ரீ-என்ட்ரி அடிக்கும் அன்றுதான் தெரியவரும், டிக்கெட் கையில் இருக்கும்போது. அப்படியே அடுத்த இக்காமா தேதியை ஆங்கில மாதத்தில் குறித்து, படுக்கைக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுங்கள். ரூமில் மற்றவர்களும் தங்கள் தேதியை அதன் கீழே எழுதட்டும்.